அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறான். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆண் பிள்ளைகள் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்க்கிறேன். பத்து வயது முதல் பதினேழு வயது வரை நாற்பது பையன்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் அம்மாவோ ஆச்சியோ மாமாவோ யாராவது ஒருவர் உண்டு. யாருமே இல்லாத பிள்ளைகள் நான்கைந்து பேர்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாம். அன்று ராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாளைக்கு இல்லமே தலைகீழாகிவிடுகிறது. ஒருவன் படுக்கையை நனைக்கிறான், ஒருவன் சாப்பிட மறுக்கிறான், ஒரே சண்டை. போன மாதம் அம்மா கிளம்பிய கையோடு ஒரு பையன் சுவரேறிக் குதித்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். ஒரு அப்பா குடித்துவிட்டு வந்தார். பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனவர்களில் இரண்டு பேர் புகையிலைப் பாக்கெட்டோடு திரும்பினார்கள், ஒருவன் திரும்பவே இல்லை. "நாம பார்த்துப் பார்த்து வளர்க்கிறோம், இவங்க அரை மணி நேரத்துல கெடுத்துட்டுப் போயிடறாங்க" என்கிறார் கண்காணிப்பாளர். இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், லீவுக்கு அனுப்பவும் வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க இருக்கிறது. எனக்கும் பாதி மனசு அதுதான் சரி என்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன். அவன் அம்மா மறுமணம் செய்துகொண்டவர். இரண்டாவது கணவருக்குத் தெரியாமல்தான் வந்து பார்க்கிறார். "எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" என்று ஒவ்வொரு தடவையும் இவன் கேட்கிறான். "அடுத்த வருஷம்" என்கிறார். மூன்று வருஷமாக இதே பதில். இவனுக்கு நான் என்ன சொல்ல?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பார்க்கும் நாளைக் குறைக்காதீர்கள். உங்கள் மனசின் பாதி குழுவின் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதியை நம்பி இந்தக் கடிதத்தைக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், குழுவினருக்கு அதுதான் சீக்கிரம் புரியும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 40-வது பிரிவு, பிள்ளையைப் பாதுகாப்பதோடு அவனை மீண்டும் குடும்பத்தோடு சேர்ப்பதையும் குழந்தைகள் இல்லத்தின் முதன்மை நோக்கம் என்று வைக்கிறது. பிள்ளையை இல்லத்தில் விடுவது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கை என்பது அதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளின்படி பெற்றோரும் உறவினரும் மாதம் ஒரு முறை வந்து பார்க்கலாம், தேவைப்பட்டால் அதைவிட அதிகமாகவும் பார்க்கலாம். ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று உங்கள் குழு தீர்மானம் போட்டால், அடுத்த ஆய்வில் குழந்தைகள் நலக் குழு (இல்லத்துப் பிள்ளைகள் பற்றி உத்தரவு போடும் அதிகாரம் உள்ள மாவட்ட அமைப்பு) அந்தத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டும்போது பதில் சொல்ல வேண்டிவரும். தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை முன்வைத்து 2007-ல் தொடங்கிய வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளையையும் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை, மாற்று வழிகளையும் தீவிரமாகப் பாருங்கள் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. நம் மாநிலத்து இல்லங்களிலிருந்து பிறந்த தீர்ப்பு அது. உங்கள் குழுவில் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து கதவைத் திறந்து வைத்தால் மட்டும் உங்கள் திங்கட்கிழமைகள் மாறிவிடாது என்பது எனக்குத் தெரியும். அழுகைக்கு வருகிறேன்.

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் வரை இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டுக்குள் பெற்றோரை எளிதில் விட மாட்டார்கள். வாரத்துக்கு ஏதோ சில மணி நேரம், அவ்வளவுதான். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராமல் இருந்தால் அமைதியாக இருக்கிறது. உங்கள் கண்காணிப்பாளர் சொல்லும் அதே காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அந்த 'அமைதி'யை உட்கார்ந்து கவனித்தார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் கத்தி அழுகிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. கடைசியில் யார் வந்தாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது, அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாவது நிலையைத்தான் நர்சுகள் 'பழகிவிட்டது' என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை அவர் 1952-ல் படமெடுத்துக் காட்டியபோது டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடுங்கள் என்று 1959-ல் பரிந்துரைத்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அம்மா படுத்திருப்பதை நாம் சாதாரணமாகப் பார்க்கிறோம். அவளை வெளியே போ என்று சொல்ல நமக்கு வாய் வராது. இல்லத்துப் பையன் என்றதும் மட்டும் ஏன் வேறு கணக்கு?

உங்கள் பையன்கள் பெரியவர்கள், இரண்டு வயதுக் குழந்தைகள் இல்லை. ஆனாலும் அந்த ஞாயிறு ராத்திரி படுக்கையை நனைக்கிறவன், தட்டைத் தள்ளிவிடுகிறவன், இவர்களுக்கெல்லாம் வீட்டோடு உள்ள கட்டு இன்னும் அறவில்லை. எனக்குக் கவலை தருகிறவர்கள் வேறு பிள்ளைகள். வாட்ச்மேன் வந்து "உங்க அம்மா வந்திருக்காங்க" என்று சொன்ன பிறகும் கேரம்போர்டை விட்டு எழுந்திருக்காதவன், பார்த்துவிட்டு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல வரிசையில் நிற்கிறவன். அவர்களை 'நல்ல பையன்' என்று நாம் நோட்டில் எழுதிவிடுகிறோம். உங்கள் நோட்டில் அந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

அழுகையின் ஒரு பங்கு பிரிவால் வருகிறது, அதைத் தடுக்க முடியாது. இன்னொரு பங்கு நாம் அந்த நாளை நடத்தும் விதத்தால் வருகிறது. பல இல்லங்களில் பார்க்கும் நாளை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. விடியற்காலை பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வருகிற அம்மா, கேட்டில் ஆதாரைக் காட்டி, ரெஜிஸ்டரில் கைநாட்டு வைத்து, வராந்தாவில் காத்திருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பையன் வருகிறான். ஒரு பெஞ்சில் நான்கு குடும்பம். பக்கத்தில் ஸ்டாஃப் நிற்கிறார். என்ன பேசுவது? "நல்லா படிக்கிறியா? சார் சொல்றதைக் கேக்கிறியா?" அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. வாங்கி வந்த பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கிறார், செல்போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டு, அவன் எதிரிலேயே, இந்த மாதம் அவன் செய்த தப்பையெல்லாம் வாசிக்கிறார்கள். "இப்படியே போனா நாங்க வெச்சுக்க முடியாதும்மா." அம்மா அழுகிறார், அல்லது அவனை அடிக்கிறார். மணி அடிக்கிறது. அந்த ராத்திரி அவன் எப்படித் தூங்குவான்?

அந்த நேரத்தில் அம்மாவுக்குக் கையில் ஏதாவது வேலை கொடுங்கள். நான் அறிந்த ஒரு இல்லத்தில், பார்க்கும் நாளன்று காலையில் கிணற்றடியில் எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் எடுத்து வைத்துவிடுவார்கள். பதினான்கு வயதுப் பையன், மீசை அரும்பியவன், மற்ற நாளெல்லாம் யாரையும் கிட்ட சேர்க்காதவன், ஆச்சி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆச்சி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். யார் செத்தார், யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தச் சித்தப்பா இப்போது திருப்பூரில் இருக்கிறார். அவன் தலையைத் திருப்பாமல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சில் அரை மணி நேரத்தில் வராத பேச்சு. எண்ணெய்தான் என்று இல்லை. நகம் வெட்டலாம், பட்டன் தைக்கலாம், நோட்டுக்கு அட்டை போடலாம், சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரு குழம்பு வைக்கலாம், மத்தியானப் பந்தியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். வெளியிலிருந்து பரோட்டா வாங்கி வருவதும் அதிலேயே பாதி குறைந்துவிடும்.

புகார் வாசிப்பதைப் பார்க்கும் நாளில் அடியோடு நிறுத்துங்கள். சொல்ல வேண்டியதை வாரநாளில் போனில் சொல்லுங்கள், பையன் இல்லாத நேரத்தில். அதற்கும் முன்னால் ஒரு நல்ல செய்திக்காகக் கூப்பிட்டிருங்கள். இல்லத்து நம்பரிலிருந்து போன் வந்தாலே பயந்து நடுங்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் இதுவரை வந்த ஒவ்வொரு அழைப்பும் ஒரு குற்றச்சாட்டு. "கபடியில செலக்ட் ஆயிருக்கான்மா" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்கு அடுத்த முறை நீங்கள் ஒரு பிரச்சினையைச் சொன்னால் அவர் உங்களோடு சேர்ந்து யோசிப்பார்.

பிரியும் நேரத்துக்கும் ஒரு முறை வேண்டும். கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் இருவரிடமும் சொல்லுங்கள். அடுத்து வரும் தேதியை அம்மா கையாலேயே பையனின் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். கேட் வரை அவனும் போகட்டும். அன்று மாலை ஸ்டடி வேண்டாம், விளையாட விடுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த ஸ்டாஃப் யாரோ அவருக்கு அன்றைக்கு லீவு கொடுக்காதீர்கள். செவ்வாய், புதனில் ஒரு போன் பேச வையுங்கள். சுவரேறிக் குதித்தானே ஒருவன், பஸ் ஸ்டாண்டில் பிடித்தபோது அவன் எந்த ஊர் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தான் என்று யாராவது கேட்டீர்களா? இதுவரை கேட்டிருக்காவிட்டால் இப்போதும் கேட்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எந்தத் தப்புக்கும் தண்டனையாக அம்மாவைப் பார்ப்பதையோ போன் பேசுவதையோ நிறுத்தாதீர்கள். தண்டிக்க எடுக்கும் பொருளில்லை அது.

குடித்துவிட்டு வந்த அப்பாவை அன்றைக்கு உள்ளே விட்டிருக்க மாட்டீர்கள், அது சரிதான். ஆனால் பிள்ளையின் கண்முன்னால் கேட்டில் வைத்துச் சத்தம் போட்டுத் துரத்தினீர்களா, ஓரமாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்குத் தெளிவா இருக்கும்போது போன் பண்ணுங்க, வேற ஒரு நாள் தர்றோம்" என்று அனுப்பினீர்களா என்பதில் எல்லாம் இருக்கிறது. மறுநாள் காலை நீங்களே கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் குடியிலிருந்து மீளச் சிகிச்சை இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் போகலாம், போகாமலும் இருக்கலாம். "உங்க அப்பன் குடிகாரன்" என்று ஒரு வார்டன் சொன்னால் அதைப் பிள்ளை தன்னைச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வான். ஸ்டாஃப் மீட்டிங்கில் இதை நேராகச் சொல்லிவிடுங்கள். 'ஓடிப்போனவள்', 'ஜெயில் கேஸ்' என்ற பேச்செல்லாம் சமையலறையிலும் எழக்கூடாது.

வராதவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். நாற்பது பையன்களில் எத்தனை பேருக்கு ஆள் வருகிறார்கள்? வராதவருக்குப் பாசம் இல்லை என்று முடிவு கட்டும் முன் பஸ் கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாவட்டம் தாண்டிப் போகும் பஸ்ஸில் உண்டு. கூடவே ஒரு நாள் கூலி போகும். கட்டட வேலை, ஓட்டல் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு லீவு என்று யார் சொன்னது? வாரநாளில் ஒரு மாலையும் திறந்து வையுங்கள். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் வந்து பிரியாணி போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும் நல்ல மனிதர்கள் உங்கள் இல்லத்துக்கும் வருவார்கள். அவர்களில் ஒருவரிடம், "இந்த வருஷம் சாப்பாட்டுக்குப் பதிலா, பத்து அம்மாக்களுக்கு வந்துபோகிற செலவைக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்கும் நாளைச் சரிசெய்வது முதல் படிதான். குடும்பத்தை நாம் விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம் என்பதுதான் என் பெரிய வருத்தம். பிள்ளையைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். பத்தாவது முடித்தவன் பயோ-மேத்ஸ் எடுப்பதா, ஐ.டி.ஐ. போவதா என்பதைக் கண்காணிப்பாளர் முடிவு செய்கிறார். ரேங்க் கார்டில் வார்டன் கையெழுத்து. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இல்லத்து ஸ்டாஃப். தலைமுடியை எப்படி வெட்டுவது என்பது கூட நம் முடிவு. தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்ற படிவத்தைப் பல இடங்களில் ஆபீசில் உட்கார்ந்து நிரப்பிவிடுகிறார்கள், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே வாசகம். அதை அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அவனுக்கு இருட்டு என்றால் ஏன் பயம், மூன்று வயதில் எந்த ஆஸ்பத்திரியில் வலிப்புக்குக் காட்டினார்கள், எந்தத் தாத்தா அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் அவ்வளவும் இருக்கும். ரேங்க் கார்டை அவரிடம் கையெழுத்துக்குக் கொடுங்கள், கைநாட்டாக இருந்தாலும். பள்ளிக் கூட்டத்துக்கு உங்கள் ஸ்டாஃபோடு அவரும் வரட்டும். எந்த குரூப் என்ற பேச்சில் பையன், அம்மா, நீங்கள் மூவரும் இருங்கள்.

"இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று குழுவில் ஒருவர் கேட்பார். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இது. இந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது ஆகிற அன்று நாம் அவனை எங்கே அனுப்புவோம்? சட்டத்தின் 46-வது பிரிவில், இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பிற்காப்பு உதவி உண்டு, பொதுவாக இருபத்தொரு வயது வரை. அது கிடைத்தாலும் தீபாவளிக்கு அவன் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பான், காய்ச்சலில் படுத்தால் யாரைக் கூப்பிடுவான், கல்யாணத்துக்கு யார் முன்னால் நிற்பார்கள்? பெரும்பாலானவர்கள் கடைசியில் அதே அம்மாவிடமும் அதே மாமாவிடமும்தான் போகிறார்கள். ஏழெட்டு வருஷம் உறவை நாம் அறுத்து வைத்திருந்தால், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஒரு அறைக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுக்காவது இந்த வேலையை இந்த மாதமே தொடங்க வேண்டும்.

வறுமைக்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது என்று 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் நாற்பது பேரின் ஃபைலையும் எடுத்து, "என்ன கிடைத்திருந்தால் இவன் இங்கே வந்திருக்க மாட்டான்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பலருக்கு வாடகையும் அரிசியும் பள்ளிக்கூடச் செலவும்தான் விடையாக வரும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாகப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயில் இருப்பவர், பெற்றோர் இல்லாத பிள்ளையை வளர்க்கும் உறவினர் ஆகியோருக்கு முன்னுரிமை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2025-ல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தப் படிவங்களை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் வாங்குவதற்குள் அவர் மூன்று நாள் கூலியை இழந்துவிட்டு, படிவத்தைப் பரணில் போட்டுவிடுவார். இல்லத்தின் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும்.

பொங்கல் லீவு விஷயம். சட்டத்தின் 98-வது பிரிவு தேர்வு, உறவினர் கல்யாணம், சாவு, கடும் நோய் போன்ற சமயங்களில், மேற்பார்வையோடு, போகவர ஆகும் நேரம் போகப் பொதுவாக ஏழு நாள் வரை விடுப்பு தர வழி செய்கிறது. பண்டிகைக்கு அனுப்புவதையும் நலக் குழுவிடம் எழுதி, உத்தரவு வாங்கிச் செய்யுங்கள். புகையிலைப் பாக்கெட் ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் கண்ணில் படுகிற சாமான். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பையன்களும் அதே வயதில் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், அதற்காக அவர்களை வீட்டுக்குப் போகாதே என்று யாரும் சொல்வதில்லை. திரும்பி வராதவனுக்கு வருகிறேன். முறைப்படி நலக் குழுவுக்கும் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் கொடுத்திருப்பீர்கள், கொடுக்காவிட்டால் இன்றே கொடுங்கள். பிறகு அவன் இருக்கும் இடத்துக்கு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். வேலைக்கு அனுப்பியிருந்தால் அது வேறு, உடனே நடவடிக்கை வேண்டும். ஆச்சி வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்குப் போகிறான், ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்றால், அவனை இழுத்து வந்து கணக்கைச் சரிசெய்வதைவிட, அந்த வீட்டுக்கே நிதி ஆதரவு கேட்டு, நலக் குழுவின் உத்தரவோடு அங்கேயே விடச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாக் குடும்பத்தையும் உள்ளே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை அடித்துக் காயப்படுத்தியவர், பாலியல் கொடுமை செய்தவர், கொத்தடிமையாக விற்றவர் வீட்டில் இருந்தால் அந்த ஆளோடு தொடர்பு கூடாது. போக்சோ வழக்கு நடக்கும்போது, சாட்சியை மாற்றச் சொல்லி நெருக்கும் உறவினர்களும் உண்டு, கவனம் வேண்டும். ஆனால் இதை இல்லம் தனியாக முடிவு செய்யக்கூடாது. நலக் குழுவிடம் எழுதி உத்தரவு வாங்குங்கள். விலக்குவது அந்த ஆளை மட்டும்தான். அப்பா குற்றவாளி என்பதால் அப்பாவின் அம்மாவையும் அத்தையையும் சேர்த்து நறுக்கிவிடுகிறோம். பிள்ளைக்குப் பிடித்த பெரியம்மா ஒருவர் அந்தப் பக்கத்திலேயே இருப்பார். அதோடு, பெண்கள் இல்லத்தில் இருக்கும் தங்கையை இந்தப் பையன்கள் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? ஆண், பெண், வயது என்று இல்லங்களைப் பிரித்து வைத்திருப்பதால் கூடப் பிறந்தவர்கள் வேறு வேறு ஊரில் வளர்கிறார்கள். ஒரு பெற்றோரும் இல்லாதவனுக்கு அந்தத் தங்கைதான் குடும்பம். அவர்களைச் சேர்த்து உட்கார வைப்பது இல்லத்தின் பொறுப்பு. அம்மாவைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள், அந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

இனி உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

அந்த அம்மாவை முதலில் தனியாகச் சந்தியுங்கள். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். புருஷனுக்குத் தெரியாமல், அகப்பட்டால் என்ன நடக்குமோ என்ற பயத்தோடு, மூன்று வருஷமாக மாதந்தோறும் வருகிற பெண் அவர். அதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும், யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பாதுகாப்பையும் பாருங்கள். மாலையில், இரவில் அவர் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். எந்த நேரத்தில், எந்த நம்பரில் பேசலாம் என்று அவரையே கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

பிறகு 'அடுத்த வருஷம்'. அந்தப் பொய்யை அவர் ஆசையில்தான் சொல்கிறார். ஆனால் பையன் ஒவ்வொரு ஜூனிலும் ஏமாறுகிறான், தன் பேரில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையைச் சொல்ல அவருக்கு உதவுங்கள். நீங்கள் கூட இருந்து, அவர் வாயாலேயே வரட்டும்: "தம்பி, அந்த வீட்டுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக என்னால முடியல. அது உன் தப்பு இல்ல. மாசா மாசம் நான் வருவேன், எதுக்காகவும் நிறுத்த மாட்டேன்." அவன் உடைந்து அழுவான், ஒரு மாதம் அம்மாவோடு பேசாமலும் இருக்கலாம். அப்போதும் அவர் வர வேண்டும், வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாலும் சரி. இதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் தடவை அவன் முகத்தைத் திருப்பியதும், இனி வந்து என்ன என்று நின்றுவிடுவார்.

அதே வாரத்தில் ஒரு பெரிய சார்ட் தாளை விரித்து, அவனுடைய சொந்தங்களையெல்லாம் அவனையே எழுதச் சொல்லுங்கள். அப்பா வழி, அம்மா வழி, பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும். ஃபைலில் 'தாய் மட்டும்' என்று இருக்கும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பெயர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் தாய்மாமன் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். நம் குடும்பங்களில் அக்கா பிள்ளைக்கு அவர் செய்ய வேண்டியது என்று ஒரு கடமை இருக்கிறது, அதைக் கேட்டு யாரும் போகாததால் சும்மா இருக்கிறார் என்றும் ஆகலாம். முதலில் வந்து பார்க்கட்டும். பிறகு ஒரு நாள் வெளியே கூட்டிப் போகட்டும், பள்ளி லீவில் இரண்டு நாள் வீட்டில் இருந்து பார்க்கட்டும். மாமியின் சம்மதத்தையும் நேரில் கேளுங்கள், சோறு போடப் போகிறவர் அவர்தான். ஒத்துவந்தால் சமூக விசாரணை அறிக்கையோடு நலக் குழு முன் வைத்து, அவரைப் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தகுதியான நபராக ஏற்கவும் நிதி ஆதரவு தரவும் கேளுங்கள். ஒத்துவராவிட்டாலும் பையனுக்கு மாதம் ஒரு முறை வந்துபோக ஒரு மாமா கிடைத்திருப்பார்.

குழுவிடம் ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். பார்க்கும் நாளுக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள், ஒவ்வொரு பையனின் தூக்கம், சாப்பாடு, சண்டை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் அழுகை கூடவும் செய்யலாம், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கண்காணிப்பாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்காக அவரும் ராத்திரி விழித்திருக்கிறவர்தான், அவருடைய களைப்பும் நிஜம். ஞாயிறு மாலைக்கு ஒரு ஆள் கூடுதலாகக் கேட்டு அவருக்காகவும் பேசுங்கள்.

கூட்டத்துக்கு முன்பே அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மாவைப் பகல் நேரத்தில் பார்த்துவிடுங்கள், மாமாவின் நம்பர் இருந்தால் வாங்கிவிடுங்கள். நலக் குழுவுக்கான மனுவை எழுதும்போது எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.